தூற்றிய மண்

“தூக்குல போடணும்” என்றார் ஸ்ரீராம் சார்.

“அதெல்லாம் அஞ்சு நிமிஷ வலி. உள்ளேயே கெடந்து சாகணும். வெளிய விடவே கூடாது” என்றாள் அவர் மனைவி ஷோபனா.

டிவியில் எந்த ஊரிலோ ஒரு பெண்ணைக் கெடுத்த கேஸ் ஓடிக்கொண்டிருந்தது. நான் அடுப்படியில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆவடி ரயிலடிக்குப் பின்பக்கம் புதிதாக எழுப்பிய அடுக்குமாடியில் அவர்கள் வீடு. இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை, இரண்டு பேரும் நல்லவர்கள். சமைக்க வருகிறவளை ‘அக்கா’ என்று கூப்பிட்டு, தங்களுக்குப் போட்ட அதே காபியைத் தருகிறவர்கள்.

“நீங்க சொல்லுங்க நாகவல்லிக்கா. இவனுங்களுக்கெல்லாம் ஜெயில் போதுமா?”

“சப்பாத்தி ஆறுதும்மா” என்றேன்.

ஊரில் இந்தக் கேள்விக்கு எல்லாரிடமும் பதில் இருக்கிறது. பால் பூத்தில் இருக்கிறது, ஷேர் ஆட்டோவில் இருக்கிறது. வெட்டணும், சுடணும், நடுரோட்டில் ஜனங்கள் கையில் விட்டுவிடணும். சொல்லிவிட்டு அவரவர் ஸ்டாப்பிங்கில் இறங்கிப் போய்விடுகிறார்கள். நான் மட்டும் அதைத் தூக்கிக்கொண்டு சேக்காட்டு வீட்டுக்கு வருகிறேன். என் புருஷன் ஞானசேகரன் இதே குற்றத்துக்குப் பத்து வருஷம் வாங்கிப் புழல் ஜெயிலில் இருக்கிறார். ஆறு வருஷம் போய்விட்டது. ஷோபனாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் என் கையால் செய்த சப்பாத்தி அவளுக்கு இறங்குமா என்று சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர் வேன் ஓட்டினார். திருமழிசையில் ஒரு துணிக் கம்பெனியில் இரண்டாவது ஷிப்ட் முடிகிற பெண்களை வீடு வீடாகக் கொண்டுபோய் விடுகிற வேலை. பூந்தமல்லியில் சிலர், சென்னீர்குப்பத்தில் சிலர், கடைசியில் எங்கள் சேக்காடு. வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே வாசலில் நின்று ஒன்று சொல்வார்.

“எல்லாரையும் பத்ரமா எறக்கி உட்டேன்.”

அதைக் கேட்ட பிறகுதான் நான் ரசத்தைச் சுட வைப்பேன். எனக்கு அதில் ஒரு பெருமை. அத்தனை வீட்டு அம்மாக்களும் என் புருஷனை நம்பித்தானே கண்ணை மூடுகிறார்கள் என்று.

கடைசியாக இறங்குகிறவள் ஜெபா. எங்களுக்கு மூன்றாவது தெரு, தைத்த துணியைச் சரிபார்க்கிற வேலை, இருபத்திமூன்று வயது. அது நடந்த அன்றைக்கும் அவர் வந்தார், வாசலில் நின்றார், அதையே சொன்னார். குரலில் ஒரு சொட்டு மாற்றம் இல்லை. நான் ரசத்தைச் சுட வைத்தேன். அவர் சாப்பிட்டுவிட்டு என் முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு படுத்தார். விடிந்ததும் போலீஸ் வந்தது.

சாம்பாரில் உப்பு குறைந்தால் ஊரைக் கூட்டுகிற மனுஷன், இப்படி ஒரு பழி சொல்லி வீட்டுக்குள் நுழைந்தவர்களிடம் குரலே உயர்த்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தார். அவர் பட்டனை மாற்றிப் போட்டிருந்ததைப் பார்த்தேன். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஜட்ஜ் ஐயாவுக்குத்தான் அதற்கப்புறம் இரண்டு வருஷம் பிடித்தது.

அவரைப் பெற்றவள், என் மாமியார் வேம்புலியம்மாளுக்கு அது பிடிபடவே இல்லை. தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டிலிருந்து வந்த ஆட்டோவை மூன்றாவது தெருவுக்குத் திருப்பச் சொன்னாள். ஜெபா வீட்டு வாசலில் இறங்கி, குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரினாள்.

“எம்புள்ளய உள்ள தள்னவளே, நீ நல்லா இருப்பியாடி? உன் தலையில இடி உழ!”

மூன்று தடவை தூற்றினாள். எங்கள் பக்கத்தில் இது விளையாட்டுக் காரியம் இல்லை. வயிறெரிந்து தூற்றினால் பலிக்கும், பழி பொய்யானால் தூற்றியவர் தலைக்கே திரும்பும் என்பதில் படித்தவர்களுக்கும் சந்தேகம் கிடையாது. அந்த மண்ணை மிதிக்காமல் தாண்டித்தான் போவார்கள். ஜெபாவின் அம்மா ராஜகுமாரி கதவைச் சாத்தவில்லை. புடவையில் விழுந்த மண்ணைத் தட்டிவிடாமல் அப்படியே நின்றாள். நான் மாமியாரின் இடுப்பைப் பிடித்து ஆட்டோவுக்குள் தள்ளினேன்.

இதெல்லாம் தெரிந்தும் எனக்கு அவர் வேண்டும். இதைச் சொன்னால் டிவிக்காரர்கள் மைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் நிஜம் அதுதான். டீசலும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனையில் ஒரு தலையணை உறை இருந்தது, வாசனை போன பிறகும் நான் அதைத் துவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்காருவோம், எங்களுக்குக் குழந்தை இல்லாத குறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ஊர்க்கதை பேசிச் சிரிப்போம். இப்போதும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் நான் ஏரியைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். பாழாய்ப்போன மனசு, குற்றவாளி என்று எழுதி ஒட்டினால் மறந்துவிடுகிறதா?

அவர் மட்டும் வந்தால் போதாது எனக்கு. அவர் வாயால் ஒரே ஒரு தடவை ‘நான்தான் பண்ணேன்’ என்று சொல்லிவிட்டு வரணும். ஆறு வருஷமாக மாதம் இரண்டு தடவை மனு போட்டுப் பார்க்கப் போகிறேன். ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன். அவர் ஒவ்வொரு தடவையும் அம்மா மாத்திரை சாப்பிட்டாளா என்று கேட்கிறார்.

போன மாதம் மாமியாருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தாள். அதைக் காட்டி, ஆறு நாள் பரோலில் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி வக்கீல் சம்பந்தம் மனு செய்தார். போன வாரம் கூப்பிட்டுச் சொன்னார்:

“திங்கக்கெழம நன்னடத்தை அலுவலர் உங்க வீட்டுக்கு வருவாங்க. அவர் வந்தா சேத்துப்பீங்களான்னு கேப்பாங்க. வாடக வீடு உன் பேர்ல இருக்கு, அதனால உன் வார்த்ததான் பேசும். நீ சரின்னா அநேகமா வந்துடுவார். நீ வேணாம்னா அவ்ளோதான்.”

மாமியாருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. டாக்டர் அசையக்கூடாது என்றிருந்தார். அவள் பரணில் இருந்த அவர் லுங்கிகளை எடுத்துத் தரச் சொல்லி உட்கார்ந்தபடியே துவைத்தாள். கொடியில் மூன்று லுங்கி ஆடிக்கொண்டிருந்தது. நான் வேலைக்குக் கிளம்பும்போது அதில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போனேன். ஆறு நாள் என்பது ஆறு ராத்திரியும்தான். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை புழலுக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் ரிசீவரை எடுத்தோம். காதோரம் நன்றாக நரைத்துவிட்டது. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. உள்ளே ரொட்டி சுடுகிற இடத்தில் வேலை, நல்ல பெயர், புதிதாக வருகிற பையன்கள் எல்லாம் ‘அண்ணாத்தே’ என்றுதான் கூப்பிடுகிறார்களாம். குடி இல்லை, பீடி இல்லை. கையெழுத்துகூட அழகாகிவிட்டதாம்.

“திங்கக்கெழம மேடம் வராங்களாமே, வக்கீல் சொன்னாரு. நீ ஒண்ணும் பயப்படாத, சரின்னு சொல்லிடு. இன்னா?”

“அதுக்கு முன்னால நீ ஒண்ணு சொல்லு.”

“ஆரம்பிச்சிட்டியா?”

“ஒரே ஒரு தபா. எங்கிட்ட மட்டும். நான் யார் கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அவர் என்னையே பார்த்தார். கண் கலங்கியது. இதோ சொல்லப்போகிறார் என்று ரிசீவரைக் காதோடு அழுத்தினேன்.

“நாகு, உள்ள வந்து நெறைய யோசிச்சிட்டேன். எனக்கு இப்போ யார் மேலயும் கோவம் இல்ல. அந்தப் பொண்ண நான் மன்னிச்சிட்டேன்.”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடியில் தெரிந்த என் முகத்தைத்தான் பார்த்தேன், அவரைப் பார்க்க முடியவில்லை. மனுஷன் பொய் சொல்லவில்லை. மனசாரச் சொல்கிறார். ஆறு வருஷத்தில் ஜெயில் அவருக்கு ரொட்டி சுடச் சொல்லிக்கொடுத்தது, கோபத்தை அடக்கச் சொல்லிக்கொடுத்தது. எஞ்சியதையெல்லாம் அவரே தனக்குச் சொல்லிக்கொண்டுவிட்டார். நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். அவர் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தார். பழக்க தோஷம், நானும் வைத்தேன்.

ஆவடி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது விளக்குப் போட்டுவிட்டார்கள். பானிபூரி வண்டியருகே இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி ஜெபா. சேக்காட்டில் இத்தனை வருஷமாக அவளைக் காலையில் அவள் அம்மாவோடு பார்த்திருக்கிறேன். இருட்டின பிறகு வெளியே பார்த்தது அன்றுதான். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பூரியைப் பிடித்த கை அப்படியே நின்றது. நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவள் தோழியிடம் தட்டைக் கொடுத்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

“வர்றாராக்கா? ஸ்டேஷன்லேர்ந்து வந்து விசாரிச்சுட்டுப் போனாங்க.”

“இன்னும் முடிவாகலம்மா.”

“சரி” என்றாள். போகாமல் நின்றாள். “எங்க சர்ச்ல ஒருத்தர் சொன்னாரு, ஜெயில்ல போட்டு என்ன பிரயோஜனம், மனசு திருந்தணும்னு. இருக்கலாம். எனக்கு அவர் மனசெல்லாம் வேணாங்க்கா. அவர் எங்க இருக்கார்னு தெரிஞ்சாப் போதும். அது தெரிஞ்சதாலதான் ரெண்டு மாசமா சாயங்காலம் இவ்ளோ தூரம் வர்றேன்.”

“சாப்பிடும்மா, ஆறிடும்” என்றேன். பானிபூரி ஆறுமா? நாக்கில் எனக்கு எப்போதும் இருப்பது அந்த ஒரு சொல்தான் போலிருக்கிறது. அவள் திரும்பிப் போய்த் தட்டை வாங்கவில்லை. தோழியைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டாள்.

மறுநாள் ஜெயிலிலிருந்து அவர் போன் செய்கிற நாள். நான் அவர் சனிக்கிழமை சொன்னதை மாமியாரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். “மன்னிச்சிட்டாராம்” என்று மட்டும். அவள் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தாள். போன் வந்ததும் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

“நைனா, நல்லா கீறியா?”

“நல்லா கீறேம்மா. மாத்தர போட்டியா?”

“போட்டேன். நைனா, ஒண்ணு கேக்குறேன். அந்தப் பொண்ணு வாசல்ல நான் மண்ண வாரித் தூத்துனனே, நெனப்பு கீதா?”

“இன்னாத்துக்கு இப்போ அதெல்லாம்?”

“இல்ல, மாரு வலிக்கிறப்போல்லாம் அதுதான் நெனப்புல வருது. அது யார் மேலடா உழும்?”

போனில் பின்னால் யாரோ யாரையோ கூப்பிடுவது மட்டும் கேட்டது. மாமியார் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். அவள் என்ன கேட்கிறாள் என்பது அவருக்குப் புரிந்திருக்கவேண்டும். அப்புறம், காய்ச்சல்காரக் குழந்தையிடம் பேசுகிற மாதிரி, அவ்வளவு பிரியமாகச் சொன்னார்.

“அவ மேலதாம்மா உழும். உனக்கு ஒண்ணும் ஆவாது. நீ கவலப்படாத, மாத்தரய மட்டும் ஒழுங்கா போடு.”

மாமியார் போனை என் கையில் கொடுத்தாள். கொடியிலிருந்த லுங்கிகளை எடுத்து மடித்து வைத்தாள்.

திங்கட்கிழமை வந்த அலுவலர் பெயர் கார்த்திகா. சின்னப் பெண், முப்பதுக்குள் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மாமியாரின் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தாள், வீட்டில் யார் யார் என்று கேட்டாள். டீ கொடுத்தேன். குடித்தாள்.

“அவர் வந்தா வீட்டுல சேத்துப்பீங்களா?”

“பெத்த புள்ளய சேத்துக்காம?” என்றாள் மாமியார். ஆனால் அவள் பார்த்தது அலுவலரை அல்ல, என்னை.

“வீடு இவங்க பேர்ல இருக்கும்மா, இவங்கதான் சொல்லணும்” என்று கார்த்திகா என் பக்கம் திரும்பினாள்.

அலமாரியில் மடித்த லுங்கி இருந்தது. காலையிலேயே நான் பருப்பு வேகவைத்திருந்தேன், தக்காளி எடுத்து வைத்திருந்தேன். எதற்கென்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

“வேணாம் மேடம்.”

“பயமா இருக்கா? அப்படின்னா சொல்லுங்க, அதையே எழுதிக்கறேன்.”

“பயம் இல்ல மேடம். ஆசதான்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அவரு வந்தா நான் சோறு போட்ருவேன் மேடம். ரசம் சுட வெப்பேன். என் முந்தானியில வாய தொடச்சிக்கினு படுப்பாரு. ஆறு நாளும் சந்தோஷமா போய்டும். நான் கேக்கவே மாட்டேன். நான் உட்டுட்டா அப்புறம் அவர அத கேக்கறதுக்கு இந்த ஒலகத்துல ஆளே கெடையாது.”

“என்ன கேக்கணும்?”

“பண்ணியான்னு.”

பேனா நின்றுவிட்டது. கார்த்திகா கொஞ்சம் முன்னால் நகர்ந்து, வேலைக் குரலை விட்டுவிட்டுப் பேசினாள். “நான் தினம் இந்த மாதிரி வீட்டுக்குத்தாங்க போறேன். ஜெயில் சரியா தப்பான்னு எனக்கே தெரியல. இதை நான் எப்படி எழுதுறது?”

“வேணாம்னு மட்டும் எழுதுங்க. அவரு உள்ளயே இருக்கட்டும். நான் போய் கேட்டுக்கினே இருக்கேன்.”

அவள் போன பிறகு நான் தம்ளரை எடுத்துக்கொண்டு நின்றேன். மாமியார் சுவரைப் பிடித்து எழுந்தாள். எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாசலுக்குப் போனாள், பப்பாளி மரத்தடியில் குனிந்தாள், மண்ணை வாரினாள். இந்தத் தடவை எனக்குத்தான். பிள்ளையை வரவிடாமல் செய்தவளுக்கு வேறு என்ன கிடைக்கும்? ஓடவேண்டும் என்று தோன்றவில்லை. தூற்றட்டும் என்று தம்ளரோடு வாசற்படியில் இறங்கி அவள் எதிரிலேயே நின்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மூன்றாவது தெரு இருக்கிற பக்கம் பார்த்தாள். இரண்டு கையையும் உயர்த்தித் தன் தலையிலேயே கொட்டிக்கொண்டாள்.

“அத்தே!”

“பெத்தது நானு” என்றாள். மறுபடியும் குனியப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெந்நீர் வைத்து அவளை முற்றத்தில் உட்கார வைத்துத் தலைக்கு ஊற்றினேன். வெள்ளை முடியிலிருந்து மண் கரைந்து செக்கச் செவேலென்று ஓடியது. எத்தனை சொம்பு ஊற்றியும் அடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. நான் விரலை விட்டு விட்டுத் தேய்த்தேன்.

“ரசம் வெச்சிக்கீறியா?” என்றாள் முதுகைக் காட்டிக்கொண்டே.

“பருப்பு வெந்துடுச்சி அத்தே.”

“அவனுக்கு ரசம்னா உசுரு.”

“ஆமா.”

நான் அடுத்த சொம்பை ஊற்றினேன்.

“அடுத்த தபா மனுவுக்கு நானும் வரேன். ரெண்டு பேருமா கேப்போம்.”

சரி என்றேன். அவளுக்குத் தெரியாமல் அழ முடியும் என்றுதான் முதுகுப் பக்கம் நின்றேன். வாசலில் யாரோ செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்குத்தான் ஆள் வந்திருக்கிறது. தெரிந்தும் நான் திரும்பிப் பார்த்தேன், அவளும் திரும்பிப் பார்த்தாள்.